பூனையின் நாக்குக்குச் சர்க்கரை தெரியாது

"சர்க்கரை போட்டுப் பால் வைத்தேன் டாக்டர், அதையும் தொடவில்லை." மடியில் பூனையோடு உட்கார்ந்திருந்தவர் சொன்னார். இரண்டு நாளாகப் பட்டினி. மூக்குத் துளை இரண்டிலும் சளி காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

சர்க்கரை போட்டாலும் போடாவிட்டாலும் பூனைக்கு ஒன்றுதான். இனிப்பை உணர, நாக்கில் இரண்டு புரதங்கள் சேர்ந்து ஓர் ஏற்பியாக நிற்க வேண்டும். அதில் ஒன்றுக்கான மரபணுவில் பூனைக்கு 247 டி.என்.ஏ. எழுத்துகள் உதிர்ந்துபோயிருக்கின்றன. 2005-இல் இதைக் கண்டவர்கள் புலியையும் சிவிங்கிப்புலியையும் சோதித்தார்கள். அங்கும் அதே ஓட்டை. இவற்றின் பொது மூதாதையிடமே பழுது வந்திருக்க வேண்டும். இறைச்சி மட்டும் தின்கிற பிராணிக்கு இனிப்பு தெரியாவிட்டால் என்ன குறை? பழுதானதை இயற்கை கழித்துக்கட்டவில்லை. இரையை மெல்லாமல் விழுங்கும் டால்பினோ இனிப்பு, உமாமி (இறைச்சியில் தெரியும் சுவை), பெரும்பாலான கசப்பு ஏற்பிகள் என வரிசையாக இழந்திருக்கிறது. மூங்கிலுக்கு மாறிய பாண்டாவுக்கு உமாமி மரபணு செத்துவிட்டது.

மூக்கின் கணக்கு இதைவிடப் பெரியது. மோப்ப ஏற்பி மரபணுக்களை 1991-இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் கண்டறிந்தார்கள் (2004-இல் நோபல் பரிசு). மனிதனுக்கு வேலை செய்பவை சுமார் 400, நாய்க்கு சுமார் 800, ஆப்பிரிக்க யானைக்குக் கிட்டத்தட்ட 2,000. ஒரு மரபணு தவறுதலாக இரண்டாகப் பிரதியாகும். ஒரு பிரதி பழைய வேலையைப் பார்க்க, மற்றது மெல்ல மாறிப் புது வாசனையைப் பிடிக்கும், இல்லையென்றால் பழுதாகிப் போலியாய்க் கிடக்கும். நம் மரபணுத் தொகுதியிலும் அப்படிக் கிடப்பவை நூற்றுக்கணக்கில்.

சரி, அந்தப் பூனைக்கு வருவோம். சாப்பிடலாமா வேண்டாமா என்று பூனைக்குச் சொல்வது பெரும்பாலும் மூக்குதான். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பொருக்கை ஊறவைத்து எடுத்தேன். மீன் உணவைக் கைச்சூட்டுக்குச் சூடாக்கி முகத்தருகே வைத்தேன். மீசை அசைந்தது, இரண்டு முறை முகர்ந்தது, அப்புறம் நக்க ஆரம்பித்தது. எல்லாப் பூனையும் இப்படி உடனே வழிக்கு வராது. எதுவுமே தின்னாமல் ஒரு நாள் கடந்தாலே கூட்டி வாருங்கள். பட்டினி நீண்டால், குறிப்பாகக் குண்டுப் பூனைகளுக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

"கெட்டது என்றால் அதுவே தொடாது" என்ற நம்பிக்கையைத்தான் நான் அடிக்கடி கேட்கிறேன். நாய்க்கு இனிப்பு ஏற்பி நன்றாகவே வேலை செய்கிறது. அதனால்தான் சாக்லேட்டையும் சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று இனிப்பைச் சேர்த்த சூயிங்கத்தையும் ஆசையாய்த் தின்கிறது. சைலிட்டால் நாயின் உடலில் இன்சுலினைப் பாய்ச்சி, ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும். நாக்கு அதைச் சொல்லாது.

பூனைக்கு இன்னொரு செத்த மரபணுவும் உண்டு, ஈரலில். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்ற உதவியிருக்க வேண்டியது அது. காய்ச்சலுக்கென்று நீங்கள் கொடுக்கும் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடலாம். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.