தரவு ஆளுகை: ஒரு படிவத்தில் தொடங்கிய சொல் தேடல்

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு செல்போன் கடையில் பெரியம்மாவுக்கு சிம் வாங்கப் போயிருந்தோம். கடைக்காரத் தம்பி நீட்டிய படிவத்தில், ஆங்கிலத்தில் பொடி எழுத்தாக ஒரு பத்தி. என்ன அது என்று கேட்டதற்கு, "உங்க டேட்டாவ எடுத்துக்குவாங்கன்னு போட்டிருக்கு, கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். பெரியம்மா என் பக்கம் திரும்பி, "எதுக்குய்யா என் டேட்டாவ எடுக்குறாங்க? இனிமேதானய்யா ரீசார்ஜே பண்ணணும்?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் ஊர்ப் பேச்சில் டேட்டா என்றால் இணையம்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும், அவ்வளவே. ஆதார் எண், முகவரி, கைரேகை, பேரன் படிக்கும் பள்ளி இவற்றுக்கெல்லாம் நம் வீடுகளில் புழங்கும் சொல் 'விவரம்'. ஒரு சொல்லை இவர் ஒன்றாகவும் படிவம் எழுதியவர் வேறொன்றாகவும் நினைத்திருக்கும்போது, அந்தக் கையெழுத்தை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது? இப்படித் திரட்டும் விவரங்களை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் துறைக்கு ஆங்கிலத்தில் 'டேட்டா கவர்னன்ஸ்' என்று பெயர். அன்றிலிருந்துதான் அந்தத் தொடருக்குத் தமிழ் தேடத் தொடங்கினேன்.

முதலில் டேட்டா. லத்தீனில் 'கொடு' என்ற வினையிலிருந்து 'டேட்டும்' பிறந்தது. பொருள், கொடுக்கப்பட்டது. அதன் பன்மைதான் டேட்டா. ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்தது. பள்ளிக் கணக்கில் 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதிவிட்டுத் தீர்வைத் தொடங்குவோமே, ஏறக்குறைய அந்தப் பொருள்.

தமிழில் வா என்பதிலிருந்து வரவு, செல் என்பதிலிருந்து செலவு. அதே அச்சில் தா என்பதிலிருந்து தரவு. இது பழைய சொல். கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்று பெயர். தாழிசையும் தனிச்சொல்லும் சுரிதகமும் அதற்குப் பின்னால் வரும். அந்தப் பழைய சொல்லுக்கு நம் காலத்தில் புதுப்பொருள் ஏற்றியிருக்கிறார்கள். லத்தீனும் தமிழும் தனித்தனியாக 'கொடுத்தல்' என்ற ஒரே வேரில் வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றல்ல என்கிறது தொல்காப்பியம். தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ஈ. சமமானவரிடம் கேட்டால் தா. உயர்ந்தவர் கேட்டால் கொடு. அப்படிப் பார்த்தால், தரவு என்ற சொல்லின் வேரிலேயே சமமான இருவர் நிற்கிறார்கள். அரசும் குடியும், கம்பெனியும் வாடிக்கையாளரும் அப்படி நிற்க வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் கனவே.

அடுத்தது கவர்னன்ஸ். அதன் மூலம், கப்பலைச் செலுத்துவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம் மீகாமன் செய்யும் வேலை. இதற்கு அரசு வழக்கில் 'ஆளுமை' நிலைத்துவிட்டது. தமிழ்நாடு மின் ஆளுமை முகமை என்றே ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் ஆளுமை என்றதும் வாசகருக்கு ஒருவரின் குணமும் மிடுக்கும் தான் நினைவுக்கு வரும். 'மை' பண்பைச் சொல்லும். 'கை' செயலைச் சொல்லும். வருகை, செய்கை போல ஆளுகை. ஆகவே தரவு ஆளுகை என்பதே சரி என்பது என் முடிவு. 'தரவு மேலாண்மை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது வேறு வேலை. ரேஷன் அட்டை விவரங்களைப் பிழையில்லாமல் கணினியில் சேர்த்துவைப்பது மேலாண்மை. அதை யார் பார்க்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று முடிவு செய்வது ஆளுகை.

இந்தியாவில் இந்த முடிவுகளுக்கான சட்டம் மெதுவாகத்தான் வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. அரசிடம் உள்ள, ஆளை அடையாளம் காட்டாத தரவுகளை ஆய்வுக்கும் புதிய தொழில்களுக்கும் திறந்துவிடுவது பற்றிய தேசியத் தரவு ஆளுகை வரைவு 2022 மே மாதம் வெளியானது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது; அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லி மறுக்கும் வழியை அகலமாக்கிவிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் நூறு நாள் வேலைப் பட்டியலைக் கேட்டுப் பார்க்க நினைப்பவருக்கு இது கவலை தரும் மாற்றம். எதைப் பூட்டுவது என்பதோடு, எதைத் திறந்துவைப்பது என்பதும் ஆளுகைதான்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எனக்குப் பிடித்த சொல் 'ஃபிடுசியரி'. நம்பிக்கை என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் விவரங்களை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் நிறுவனத்தைச் சட்டம் அப்படி அழைக்கிறது. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மீனாட்சி அம்மன் கோயில் நகை அம்மனுடையது. தக்காரும் அறங்காவலரும் அதைக் காப்பவர்கள்; அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. ஆகவே 'தரவு அறங்காவலர்' என்று எழுதுகிறேன். விவரம் யாருடையதோ அவர் 'தரவுக்குரியவர்'.

அப்புறம், படிவம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது சட்டம். தமிழும் அதில் உண்டு. விதிகள் வந்து 18 மாதம் கழித்துத்தான் அந்தக் கடமை நடைமுறைக்கு வருகிறது. அதற்குள் சொற்கள் தயாராக வேண்டும். சட்டத்திலும் பாடநூலிலும் தரவு இருக்கட்டும். படிவத்தில் 'நீங்கள் தரும் விவரங்கள்' என்றே எழுதலாம். பொருளும் அதுதான், வேரும் அதுதான்.

அப்படியே ஒரு தாளில் நாலு வரி எழுதிப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "பெறகு வேணாம்னு தோணுச்சுன்னா திருப்பிக் கேக்கலாமாய்யா?" என்றார். கேட்கலாம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அதை ஐந்தாவது வரியாகச் சேர்த்துக்கொண்டேன்.