வெயில் இருக்கு, பேனல் இருக்கு, கரண்ட் ஏன் இல்லை?

2018 நவம்பர். கஜா புயல் கரையைக் கடந்து நாலாவது நாள், வேதாரண்யம் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தேன். வழியெல்லாம் மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. ஆனால் மருத்துவமனைக் கூரையில் இருந்த பத்து கிலோவாட் சோலார் பேனல்கள் எப்படியோ தப்பித்துவிட்டன. மழை விட்டு நல்ல வெயில். உள்ளே நுழைந்தால் இருட்டு. தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்காக மட்டும் ஒரு வாடகை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு டீசல் வாங்க ஒருவர் பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு தினமும் அலைந்தார்.

"வெயில் இருக்கு, பேனல் இருக்கு, கரண்ட் ஏன் சார் இல்லை?" என்று டாக்டரம்மா கேட்டார். கணிசமான பணம் போட்டவர் கேட்க வேண்டிய கேள்விதான். பேனல் பொருத்தியபோதே யாராவது இதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நம் ஊர்க் கூரைகளில் பெரும்பாலும் இருப்பது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். தெருவில் வரும் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 முறை துடிக்கும் மின்சாரத்தைப் பார்த்து, அதன் தாளத்தோடு ஒட்டித்தான் அது மின்சாரத்தைச் செலுத்தும். தெருவில் கரண்ட் போனால் இரண்டே வினாடிக்குள் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. காரணம் மிக நியாயமானது. லைன் செத்துவிட்டது என்று நம்பி ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரத்தில் உங்கள் கூரை மின்சாரம் லைனுக்குள் போனால் அவர் உயிர் போய்விடும்.

அப்படியானால் கரண்ட் இல்லாதபோது அந்தத் தாளத்தை யார் கொடுப்பது? பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும்தான். மெயின் போனதும் அது தெரு லைனிலிருந்து கட்டடத்தைத் துண்டித்துவிட்டு, தானே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உருவாக்கி நிற்கும். அதைப் பார்த்ததும் கூரையில் இருக்கும் சோலார் இன்வெர்ட்டர் ‘கரண்ட் வந்துவிட்டது’ என்று மறுபடி வேலையைத் தொடங்கும். பேட்டரி நிரம்பிவிட்டால் பேட்டரி இன்வெர்ட்டர் அந்தத் தாளத்தை, அதாவது அதிர்வெண்ணை, 50-க்கு மேல் கொஞ்சம் ஏற்றும். அதைக் கண்டதும் சோலார் தானாகத் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே தனியாகக் கம்பிகூட வேண்டாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. மைக்ரோகிரிட், அதாவது தனித்தும் இயங்கக்கூடிய சின்ன மின்வலை, என்பதன் சாரமே இதுதான். ஒரு கட்டடமாக இருந்தாலும் ஒரு தீவாக இருந்தாலும் அளவுதான் மாறும்.

நாடு அளவிலும் இதே கதைதான். 2025 பிப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் இருண்டது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு டிரான்ஸ்ஃபார்மரில் பட்டதுதான் காரணம் என்றார் அமைச்சர். எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசினார்கள். நான் பார்த்தது அந்த நேரத்தை. ஞாயிறு முற்பகல், தேவை குறைவு, சோலார் பங்கு அதிகம், தங்கள் கனத்தால் அந்தத் தாளத்தைத் தாங்கிப் பிடிக்கும் சுழலும் டர்பைன்கள் குறைவு. அப்படிப்பட்ட வேளையில் ஒரு கோளாறு வந்தால் அதிர்வெண் சரசரவென்று சரியும். கண் இமைக்கும் நேரத்தில் கைகொடுக்கப் பெரிய பேட்டரிகள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

சரி, மருத்துவமனைக்கு வருவோம். "எவ்வளவு பெரிய பேட்டரி?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ‘இரவில் எது அணையக் கூடாது?’ என்று பட்டியல் போட்டுவிட்டுத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். நாங்கள் உட்கார்ந்து எழுதினோம். ஃப்ரிட்ஜ் ஒரு யூனிட். விளக்கும் மின்விசிறியும் இரண்டரை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் 350 வாட் கான்சென்ட்ரேட்டர் எட்டு மணி நேரத்துக்கு 2.8. மொத்தம் 6.3 யூனிட், இன்வெர்ட்டர் இழப்போடு ஏழு. லித்தியம் பேட்டரியில் எண்பது சதவீதம்தான் எடுப்போம் என்று வைத்தாலும் பத்து கிலோவாட்-அவர், அதாவது பத்து யூனிட், பெட்டி ஒன்று தாராளம். இதையே வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் ஈய-அமில பேட்டரியில் செய்தால் எட்டு வேண்டும், ஏனென்றால் அதைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் போய்விடும். ஏசி, போர் மோட்டார் இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும். தண்ணீரை மெயின் கரண்ட் இருக்கும்போதே தொட்டியில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரியைத் தகரக் கொட்டகையில் வைக்கலாம் என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். வெப்பம் பேட்டரியைத் தின்றுவிடும். வடக்குப் பக்கம் காற்றோட்டமான ஒரு அறையைக் காலி செய்து கொடுத்தார்கள்.

பொருத்துவதோடு வேலை முடிவதில்லை. பீகாரின் தர்னாய் கிராமத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் இருட்டில் கிடந்த ஊர். 2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட் மைக்ரோகிரிட் போட்டது. ஃப்ரிட்ஜ் போன்றவற்றை ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு மக்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. பின்னாலேயே அரசு லைன் வந்தது, விலையும் குறைவு. சில வருஷத்தில் பேட்டரிகள் செத்தன, மாற்ற ஆளில்லை. கடைசியில் அந்த இடத்தில் மாடு கட்டினார்கள். பேனலில் குறையில்லை. பேட்டரியை மாற்றப் பணம் எங்கிருந்து வரும், அரசு லைன் வந்த பிறகு இதற்கு என்ன வேலை என்ற இரண்டுக்கும் முதல் நாளே பதில் இருந்திருக்க வேண்டும்.

அதனால் சோலார் போடப்போகிறவர்கள் கையெழுத்துக்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "மெயினை இறக்கினால் எது எது எரியும், எத்தனை மணி நேரம்?" வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் கண்முன்னே மெயினை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த மருத்துவமனையில் மாதம் ஒருமுறை, நோயாளிகள் குறைவாக இருக்கும் மதிய வேளையில், மூத்த செவிலியர் தாமே மெயினைப் பத்து நிமிடம் இறக்கிவைக்கிறார். ஃப்ரிட்ஜின் வெப்பநிலையையும் பேட்டரி சதவீதத்தையும் ஒரு நோட்டில் குறிக்கிறார். போன முறை போனபோது அந்த நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தேன்.