ஓபல் கிளாஸ்: பீங்கான் இல்ல, பாற்கண்ணாடி

எங்கட திருகோணமலையில கல்யாண வீடு, குடிபூரல் எண்டா வெள்ளைத் தட்டு செட் ஒண்டு கட்டாயம் பரிசா வரும், அதை சிலர் பீங்கான் எண்டுவினம், சிலர் பிராண்ட் பேரையே பிடிச்சு ஆர்கோபால் எண்டுவினம். மூதூர், கிண்ணியா, உப்புவெளி எங்க போனாலும் வெளிநாட்டில வேலை செய்து வந்த ஆக்களின்ர அலுமாரியில அது இருக்கும். அம்மாட்டயும் மாமி குவைத்தால கொண்டு வந்த செட் ஒண்டு இருக்கு. போன கிழமை அதில ஒரு தட்டு சீமெந்து நிலத்தில விழுந்து தூள், துண்டு பொறுக்கேக்க பார்த்தா உடைஞ்ச விளிம்பும் மேற்பக்கம் மாதிரியே மினுங்குது, உள்ளுக்கும் வெளியிலயும் ஒரே வெள்ளை. பீங்கான் உடைஞ்சா மேல பூசின மினுக்கம் வேற, உள்ள இருக்கிற சுட்ட மண் வேற எண்டு தெரியும். இது முழுக்க கண்ணாடி. இதுக்குத்தான் ஓபல் கிளாஸ் எண்டு பேர்.

மணல், சோடா, சுண்ணாம்பு உருக்கிற அதே கண்ணாடிதான், ஆனா அதோட ஃபுளோரைட் மாதிரி ஒரு சேர்மானம் போடுவினம், பழைய காலத்தில எலும்புச் சாம்பலும் வெள்ளீய ஒக்சைட்டும் போட்டவை. ஆறேக்க கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துணிக்கைகள் உள்ள பிரிஞ்சு நிக்கும், வெளிச்சம் அதில பட்டு நாலாபக்கமும் சிதறும், அதால வெள்ளை. பால் வெள்ளையா இருக்கிறதும் இதே காரணத்தாலதான், அதில மிதக்கிற கொழுப்பும் புரதமும் வெளிச்சத்தைச் சிதறடிக்குது. மெல்லிய துண்டு சிலதை வெயிலுக்கு நேர பிடிச்சா, உட்துறைமுகப் பக்கம் பொழுது படேக்க வாற செம்மஞ்சள் மாதிரி ஒரு நிறம் ஊடால தெரியும்.

ஓபல் எண்டது ஒரு மணிக்கல்லின்ர பேர். லத்தீனில ஓபலுஸ், கிரேக்கத்தில ஓபாலியோஸ், அதுக்கும் மூலம் சமஸ்கிருத உபல எண்டு பல அறிஞர்கள் சொல்லுகினம், அதுக்கு அர்த்தம் வெறும் கல். அப்ப தமிழில உபலக் கண்ணாடி எண்டு பேர் வச்சா கல்லுக் கண்ணாடி எண்டுதான் வரும், ஒரு பிரயோசனமும் இல்ல. சிலர் பளிங்கு எண்டு எழுதுகினம், அது இன்னும் பிழை, குறளில வாற பளிங்கு பக்கத்தில இருக்கிறதை அப்பிடியே காட்டுற தெளிஞ்ச பொருள், இது அதுக்கு நேர் எதிர். 15ஆம் நூற்றாண்டில வெனிஸ் முரானோத் தீவில சீனப் பீங்கானைப் பார்த்து இந்தக் கண்ணாடியைச் செய்தவை, அவை வச்ச பேர் லாத்திமோ, இத்தாலிய மொழியில லாத்தே எண்டா பால். ஆங்கிலத்திலயும் மில்க் கிளாஸ் எண்டு சொல்லுறவை. தோற்றத்துக்கும் சரி, காரணத்துக்கும் சரி, பால்தான் பொருந்துது, அதால தமிழில பாற்கண்ணாடி. பால் சோறு பாற்சோறு ஆகிற அதே புணர்ச்சி.

தட்டு மட்டுமில்ல. உருண்டை விளக்குக்கூடு, கிறீம் போத்தல், டொக்டர் எக்ஸ்ரே பார்க்கிற வெளிச்சப் பெட்டி எல்லாத்திலயும் இது பாவிச்சவை, பல்ப் கண்ணைக் குத்தாம வெளிச்சத்தைச் சமனாப் பரப்பும். லண்டன் பிக் பென் மணிக்கூட்டின்ர ஒவ்வொரு முகத்திலயும் 300க்கு மேற்பட்ட பாற்கண்ணாடித் துண்டுகள் இருக்கு, உள்ள லைட் போட்டா முழு முகமும் ஒளிரும். தட்டுக்கு வந்தா, பிரான்சில ஆர்கோபால் 1958இல வந்தது, அமெரிக்காவில கோரல் எண்ட பிராண்ட் 1970இல. கோரலில நடுவில வெள்ளை, ரெண்டு பக்கமும் தெளிஞ்ச கண்ணாடித் தோல், ஆறேக்க அந்தத் தோல் இறுகி அழுத்தத்தில நிக்கும், அதாலதான் அவ்வளவு மெல்லிசா இருந்தும் லேசில உடையாது, உடைஞ்சா மட்டும் சில்லுச் சில்லாப் பறக்கும்.

குளியலறை ஜன்னலுக்குப் போடுற மங்கல் கண்ணாடியையும் இதையும் ஒண்டு எண்டு நினைக்காதேங்கோ. அதில வெள்ளை மேற்பரப்பின்ர சொரசொரப்பில மட்டும்தான், அந்தப் பக்கத்தில தண்ணி தடவினா அங்கால ஆள் நிக்கிறது தெரியும். பாற்கண்ணாடியை எவ்வளவு நனைச்சாலும் வெள்ளைதான்.