47 குதிரைகளில் எட்டு ஓடும்போது மீதி என்ன செய்கின்றன?

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் க்ரூசர் வகை பைக்கான ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியர் 650 வண்டியின் எடை 241 கிலோ. ஓட்டுபவரும் ஏறி உட்கார்ந்தால் 315 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். நிதானமாகப் போனால் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடும், கொஞ்சம் விரட்டினால் 20-க்கு இறங்கிவிடும். அதே சாலையில் ஒரு சின்ன பெட்ரோல் கார், உள்ளே நாலு பேரையும் ஏசியையும் சுமந்துகொண்டு, 20-ஐத் தொட்டுவிட்டுப் போகிறது. ஆட்களோடு சேர்த்து அதன் எடை ஒரு டன்னுக்கு மேல். பைக் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்புறம் ஏன் மைலேஜில் இரண்டும் தோளோடு தோள் நிற்கின்றன?

‘வெயிட்டு வண்டி சார், அதான் குடிக்குது’ என்பார்கள் மெக்கானிக்குகள். நகரத்துக்குள் அது ஓரளவு சரி. நெடுஞ்சாலையில் எடை கிட்டத்தட்ட அப்பாவி. அங்கே பெட்ரோலைத் தின்பவை இரண்டு: முன்னால் இருக்கும் காற்று, காலுக்கு நடுவே சும்மா கிடக்கும் எஞ்சின் திறன். முதலாவதை எல்லோரும் அறிவார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

முதலில் காற்று. ஒரு பொருள் காற்றைக் கிழித்துப் போக எவ்வளவு பாடுபடுகிறது என்பதை இரண்டு எண்களைப் பெருக்கிச் சொல்வார்கள். ஒன்று, முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு. இன்னொன்று, அதன் வடிவம் எவ்வளவு வழுக்கலானது என்பதற்கான எண். சின்னக் காரின் பரப்பு 2 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, வடிவ எண் 0.3 சொச்சம். பெருக்கினால் 0.65 அல்லது 0.7 வரும். க்ரூசர் பைக்கின் பரப்பு காரில் பாதிகூட இல்லை. ஆனால் கைப்பிடி, கண்ணாடி, விளக்கு, வெளியே துருத்தும் எஞ்சின், காலை முன்னால் நீட்டி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும் மனிதர் என்று எல்லாம் காற்றைக் கலைத்துவிடுகின்றன. வடிவ எண் காரைப் போல் இரண்டு மடங்கு. பெருக்கிப் பார்த்தால் 0.6-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதாவது காற்றைப் பொறுத்தவரை ஒற்றை ஆளோடு போகும் க்ரூசரும் ஒரு சின்னக் காரும் ஏறக்குறைய ஒரே சைஸ்.

இந்த 0.6-ஐ வைத்து ஒரு கணக்குப் போடலாம். தோராயக் கணக்குதான், ஆனால் நிஜத்தை விட்டு ரொம்ப விலகாது. 80 கி.மீ. வேகத்தில் காற்று 178 நியூட்டன் விசையோடு வண்டியைப் பின்னுக்குத் தள்ளும். 100-ல் 278, 120-ல் 400. டயர் உருள்வதால் வரும் தடையோ எந்த வேகத்திலும் 60 நியூட்டனைச் சுற்றியே இருக்கும். செயின், கியர்பாக்ஸ் இழப்பையும் சேர்த்தால், 80-ல் ஓட எஞ்சின் கொடுக்க வேண்டியது 8 குதிரைத்திறன். 100-ல் 14. 120-ல் 23. வேகம் ஒன்றரை மடங்கு ஆனதற்குத் திறன் மூன்று மடங்கு. மைலேஜாக மாற்றினால் 28, 21, 17 என்று இறங்கும்.

சென்னையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 330 கிலோமீட்டர். சூப்பர் மீட்டியரின் டேங்க் 15.7 லிட்டர். சீராக 80-ல் போனால் 12 லிட்டருக்குள் ஊர் போய்ச் சேரலாம். 100-ல் போனால் 15 லிட்டரைத் தாண்டும், டேங்க் கிட்டத்தட்ட காலி. 120-ல் போனால் வழியில் பங்க் தேட வேண்டும். 80-க்கும் 100-க்கும் நடுவே உள்ள நேர வித்தியாசம் 50 நிமிடம், பெட்ரோல் வித்தியாசம் கிட்டத்தட்ட நாலு லிட்டர். அந்த 50 நிமிடத்துக்கு அவ்வளவு கொடுக்கலாமா என்பது அவரவர் பாடு.

எதிர்க்காற்று வீசினால் கணக்கு இன்னும் மோசம். ஆனி, ஆடியில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் பக்கம் ஓட்டியவர்களுக்கு முப்பந்தல் காற்றைத் தனியாக விவரிக்க வேண்டாம். மணிக்கு 30 கி.மீ. வேகக் காற்று நேர் எதிரே வந்தால், மீட்டர் 80 காட்டினாலும் வண்டி 110-க்கான காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அங்கே வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

காற்றை ஏமாற்ற முடியாதா? முடியும், அழகைத் துறந்தால். பைக்குகளுக்கு முன்மூடி வடிவமைத்துப் புகழ்பெற்ற அமெரிக்கர் கிரெய்க் வெட்டர், 1980 முதல் 1985 வரை ஆண்டுதோறும் ஒரு மைலேஜ் போட்டி நடத்தினார். 1985-ல் வென்ற வண்டி கேலனுக்கு 470 மைல் ஓடியது. நம் கணக்கில் லிட்டருக்கு 200 கி.மீ. சின்ன எஞ்சின்தான், ஆனால் தலை முதல் வால் வரை மூடிய, பின்னால் நீளமாகக் குறுகிப்போகும் கூடு. அந்த வால்தான் விஷயம். காற்றுத் தடையில் பெரும்பங்கு, முன்னால் மோதும் காற்றைவிட, முதுகுக்குப் பின்னால் சுழலும் குறைந்த அழுத்தப் பகுதியால் வருவது. வண்டியைப் பின்னிருந்து இழுத்துப் பிடிப்பது அதுதான். இதனால்தான் க்ரூசரில் காற்றைத் தடுக்க முன்னால் உயரமான கண்ணாடி மாட்டினால் நெஞ்சில் காற்று அடிப்பது நிற்கிறதே தவிர மைலேஜ் கூடுவதில்லை. செங்குத்தான அகலக் கண்ணாடி என்றால் குறையவே வாய்ப்பு அதிகம். பையைப் பக்கவாட்டில் தொங்கவிடுவதை விட முதுகை ஒட்டி வைத்துக் கட்டினால் ஏதோ கொஞ்சம் மிச்சமாகும். மற்றபடி, நிமிர்ந்து உட்காரத்தானே க்ரூசர் வாங்கினோம்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். 47 குதிரைத்திறன் எஞ்சினிடம் 80-ல் நாம் கேட்பது எட்டுதான். மீதி 39 பேசாமல் இருந்தால் பரவாயில்லை. சும்மா இருப்பதற்கும் அவை கூலி கேட்கின்றன.

ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது பெட்ரோலைத் திறந்துவிடுவதாகத்தான் நமக்கு நினைப்பு. நாம் திறப்பது காற்றுக் குழாய்க்குள் இருக்கும் ஒரு வட்டத் தகட்டை. எவ்வளவு காற்று போகிறதென்று பார்த்து, அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர் தெளிக்கும். குறைந்த திறன் போதும் என்றால் தகடு ஒரு கீற்றளவே திறந்திருக்கும். பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை இழுக்கப் பார்க்கும், வழியோ அடைபட்டிருக்கும். ஊசி போடும் சிரிஞ்சின் வாயை விரலால் பொத்திக்கொண்டு தண்டைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். கை வலிக்கும், வேலை ஒன்றும் நடந்திருக்காது. பெட்ரோல் எஞ்சின் மெதுவாக ஓடும் ஒவ்வொரு கணமும் இதைத்தான் செய்கிறது.

எவ்வளவு வீணாகிறது என்று கணக்கிடுவது சுலபம். 648 சிசி எஞ்சின். தகட்டுக்குப் பின்னால் அழுத்தம் வெளிக்காற்றில் பாதிதான் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, உறிஞ்சுவதற்கு மட்டும் 33 ஜூல் செலவாகும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 25 தடவை, அதாவது 800 வாட் சொச்சம். ஒரு குதிரைக்கு மேலேயே போய்விட்டது. எட்டுக் குதிரை வேலைக்கு, மூச்சு வாங்க மட்டும் ஒரு குதிரை. இதற்கு மேல் பிஸ்டன் ரிங், பேரிங், கேம், ஆயில் பம்ப் என்று உராய்வுகள் தனி. சுற்று ஏற ஏற அவையும் ஏறும்.

இதற்குத் தீர்வு என்னவென்றால், அதே எட்டுக் குதிரையைக் குறைந்த சுற்றில், தகட்டை இன்னும் கொஞ்சம் திறந்து வாங்குவது. நாலாவது கியரில் 80 போவதற்குப் பதில் ஆறில் 80 போனால், பிஸ்டன் நிமிடத்துக்குக் குறைவான தடவைதான் உறிஞ்சும். ஒவ்வொரு தடவையும் வழி அகலமாக இருக்கும். உறிஞ்சும் இழப்பு, உராய்வு இரண்டும் ஒருசேரக் குறையும். ஆக்சிலரேட்டரை அதிகம் முறுக்கினால் அதிகம் குடிக்கும் என்ற நம்பிக்கை இங்கேதான் அடிபடுகிறது. உயர் கியரில் பாதி முறுக்கு, தாழ்ந்த கியரில் கால் முறுக்கை விடச் சிக்கனம்.

ஹோண்டா 2012-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த என்சி700 இந்த ஒரு யோசனையின் மேல் கட்டப்பட்டது. பெரும்பாலானவர்கள் எஞ்சினின் உச்சச் சுற்றை எட்டிப் பார்ப்பதே இல்லை என்பதிலிருந்து தொடங்கினார்கள். சிலிண்டர் விட்டம் 73 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 80 மி.மீ. என்று ஒல்லியாக, உயரமாக, மெதுவாகச் சுற்றும் எஞ்சின். 670 சிசிக்கு லிட்டருக்கு 27.9 கி.மீ. என்று நிறுவனம் அறிவித்தது. சூப்பர் மீட்டியரில் இது தலைகீழ், 78-க்கு 67.8. ஆனாலும் 2,500 சுற்றிலேயே முறுக்குவிசையில் 80 சதவீதம் கிடைக்கும் என்று தயாரிப்பாளர் சொல்வதால், அந்தச் சுற்றில் ஓட்டத் தயங்க வேண்டியதில்லை. அதற்கும் கீழே போட்டு இழுக்க வைத்தால் செயின் வெட்டி வெட்டி இழுக்கும், எஞ்சின் முனகும். அப்போது கியரைக் குறைத்துவிட வேண்டும். மைலேஜுக்காக எஞ்சினை அழ வைப்பதில் லாபமில்லை.

செயினை இழுக்கும் முன் பல்சக்கரத்தில், அதாவது முன் ஸ்பிராக்கெட்டில், ஒரு பல் கூட்டுவதும் இதே தத்துவம்தான். 15 பல்லை 16 ஆக்கினால் எந்தக் கியரிலும் சுற்று 6 சதவீதம் குறையும். நெடுஞ்சாலையே கதி என்று இருப்பவர்களுக்கு ஒத்துவரும். நகரத்தில் ஒவ்வொரு சிக்னலிலும் அரை கிளட்சில் இழுக்க வேண்டி வரும் என்பதால் எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டும் பழக்கம் கார்புரேட்டர் காலத்தில் பிறந்தது, இன்னும் சாகவில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டால், சுற்று ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலுக்குப் போனால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றியே ஆக வேண்டும். வால்பாறை மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோலும் போகும், பிரேக்கும் சுடும்.

நகரத்தில் எடை தன் பங்கைக் கேட்கும். 315 கிலோவை நின்ற நிலையிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 44 கிலோஜூல் வேண்டும். எஞ்சின் பெட்ரோலின் ஆற்றலில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும் என்பதால், அதற்கு 6 மில்லி பெட்ரோல் ஆகும். அடுத்த சிக்னலில் பிரேக் பிடித்தால் அந்த 6 மில்லியும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போகும். கிண்டியிலிருந்து தாம்பரம் போவதற்குள் இப்படிப் பத்துத் தடவை என்றால் 60 மில்லி. சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்து ஆக்சிலரேட்டரை விட்டு உருண்டு வருபவருக்கு இதில் பாதி மிச்சம். மெதுவாக வேகமெடுப்பது கட்டாயமில்லை. சுற்றை ஏற்றாமல் சீக்கிரம் கியர் மாற்றுவதுதான் முக்கியம்.

க்ரூசர்க்காரர்கள் காதலோடு செய்யும் மைலேஜ் கொலை ஒன்று உண்டு: சைலன்சர் மாற்றுவது. சைலன்சர் மட்டும் மாறினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. வண்டியின் ஆக்ஸிஜன் சென்சார், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கைக் காப்பாற்றப் பார்க்கும். ஆனால் சத்தத்தோடு பட்பட் என்று வெடிக்கவும் தொடங்கும். அதைச் சரிசெய்ய, சென்சாரை ஏமாற்றும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டுவார்கள். அது பெட்ரோலைக் கூட்டி 13.2-க்குக் கொண்டுவந்தால், அதே காற்றுக்கு 11 சதவீதம் கூடுதல் பெட்ரோல். வண்டி துள்ளலாக இருப்பதாகத் தோன்றும். தோன்றுவது நிஜம்தான், பங்கில் வரும் பில்லும் நிஜம்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். டயரில் காற்றை வண்டி சூடாகும் முன், கையேட்டில் உள்ள அளவுக்குப் பிடிக்க வேண்டும். செயின் சுத்தமாக, கொஞ்சம் தளர்வோடு இருக்க வேண்டும். எண்ணெய் விடும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், விரல்கள் முக்கியம். மைலேஜ் ஆசையில் கார் ஆயிலை ஊற்ற வேண்டாம். பைக்கின் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து கிடக்கிறது, வழுக்கத் தொடங்கிவிடும். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் பணத்தைத்தான் மிச்சமில்லாமல் இழுக்கும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், கலவையின் ஆற்றல் 6, 7 சதவீதம் குறைவு. பழைய மைலேஜோடு ஒப்பிட்டு மெக்கானிக்கிடம் சண்டை போடும் முன் இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இதில் எதைச் செய்தாலும் பலன் தெரிய, ஒழுங்காக அளக்க வேண்டும். க்ரூசர் டேங்க் அகலமானது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிரப்புவதற்கும் நேராக நிமிர்த்தி நிரப்புவதற்கும் அரை லிட்டர் மாறினாலும் வியப்பில்லை. 5 லிட்டர் ஓட்டிவிட்டு அளந்தால், அந்த அரை லிட்டர் 10 சதவீதப் பிழை. நீங்கள் தேடும் முன்னேற்றமே அதற்குள் காணாமல் போகும். அதனால் ஒரே பங்க், வண்டி நிமிர்ந்த நிலை, குறைந்தது 10 லிட்டர் ஓடியபின் அளவு. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும். போகும்போது காற்று எதிரே அடித்திருந்தால் வரும்போது பின்னாலிருந்து தள்ளியிருக்கும். ஆகவே இரண்டு திசைத் தூரத்தையும் கூட்டி, இரண்டு தடவை போட்ட மொத்த பெட்ரோலால் வகுக்க வேண்டும்.