சுயகட்டுப்பாட்டில் மன உறுதியின் பங்கு

சுயகட்டுப்பாடு மிக்கவர் என்றதும், ஆசை தலைதூக்கும் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடக்கிவிடும் ஒருவரையே நாம் நினைத்துக்கொள்கிறோம். உளவியல் ஆய்வுகள் காட்டும் மனிதர் வேறு. ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வில், 205 பேரிடம் ஒரு வாரம் முழுவதும் நாளுக்குப் பலமுறை, அந்தந்த நேரத்தில் எழுந்த ஆசைகளைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தார்கள். சுயகட்டுப்பாடு மிக்கவர்கள் ஆசைகளோடு அதிகம் போராடியிருப்பார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால், குறிக்கோளுக்கு முரணான ஆசைகளை அவர்கள் குறைவாகவே சந்தித்தார்கள். அவற்றை எதிர்த்து நிற்கவேண்டிய தருணங்களும் அவர்களுக்குக் குறைவாகவே வந்தன.

மன உறுதியை மட்டும் நம்பியிருக்க முடியாததற்குக் காரணம் மூளை செயல்படும் விதத்தில் இருக்கிறது. உடனே கிடைக்கும் சிறு பயனுக்கு அதிக மதிப்பையும், தள்ளிக் கிடைக்கும் பெரும் பயனுக்குக் குறைந்த மதிப்பையும் தருவது மனிதருக்கு இயல்பு. இந்தச் சாய்வை நேர்செய்து, தொலைவில் உள்ள குறிக்கோளை நினைவில் நிறுத்தும் வேலையில் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி முக்கியப் பங்கு வகிக்கிறது. அந்தப் பகுதியோ கடும் மன அழுத்தத்திலும் தூக்கக் குறைவிலும் எளிதில் தளர்ந்துவிடுகிறது. மன உறுதி நமக்கு மிகவும் தேவைப்படும் வேளையில்தான் அது நம்மைக் கைவிடுகிறது என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

மன உறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் ஒரு சேமிப்பு என்ற கருத்தும் நீண்ட காலம் செல்வாக்குடன் இருந்தது. உளவியலாளர் ராய் பௌமைஸ்டரின் குழுவினர் 1998இல் வெளியிட்ட சோதனைகள் அதற்கு அடித்தளமிட்டன. ஆனால் 2016இல் வெளியான கூட்டு ஆய்வில், 23 ஆய்வகங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே முறையில் சோதித்தபோது, ஒரு முறை பயன்படுத்தியதும் மன உறுதி குறையும் என்ற விளைவு ஏறக்குறைய இல்லை என்றே தெரிந்தது. ஆகவே, "இன்றைக்கு என் மன உறுதி தீர்ந்துவிட்டது" என்ற முடிவுக்கு எவரும் அவசரப்பட்டு வரவேண்டியதில்லை.

அப்படியானால் எது உதவுகிறது? உளவியலாளர்கள் வால்டர் மிஷெலும் எப்பே எப்பெசனும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடத்தி 1970இல் வெளியிட்ட சோதனை ஒரு நல்ல விடை தருகிறது. காத்திருந்தால் விருப்பமான தின்பண்டம் கிடைக்கும், காத்திருக்க முடியாவிட்டால் விருப்பம் குறைந்ததுதான் கிடைக்கும் என்று குழந்தைகளிடம் சொல்லப்பட்டது. இரண்டு பண்டங்களும் கண்முன்னே இருந்தபோது அவர்கள் சராசரியாக ஏறத்தாழ ஒரு நிமிடமே பொறுத்தார்கள். இரண்டும் மறைக்கப்பட்டிருந்தபோது 11 நிமிடங்களுக்கு மேல் காத்திருந்தார்கள். எங்கும் பேசப்படுவது இந்த ஆய்வு வரிசையின் மற்றொரு முடிவு: சிறுவயதில் பொறுத்திருந்தவர்களே பிற்காலத்தில் சிறந்து விளங்கினார்கள் என்பது. 2018இல் அதை விரிவாக மீண்டும் ஆராய்ந்தபோது, குடும்பச் சூழலையும் கணக்கில் கொண்டால் அந்தத் தொடர்பு பெரிதும் சுருங்கிவிடுவது தெரிந்தது. பண்டத்தை மறைத்ததால் வந்த மாற்றமே, என் பார்வையில், நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம்: கவனத்தைக் கலைக்கும் கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிடுபவர் அதை எதிர்த்துப் போராடவேண்டியதில்லை.

சூழலைத் திருத்துவது பாதி வேலை. செய்யவேண்டியதைத் தயக்கமின்றிச் செய்யவைப்பது பழக்கம். ஒரே சூழலில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, அதன் பொறுப்பு படிப்படியாக மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்னும் பகுதிக்கு மாறுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியல் குழுவினர், பாதை கண்டறியக் கற்கும் எலிகளின் மூளையில் இதைப் பதிவு செய்தார்கள். தொடக்கத்தில் ஓட்டம் முழுவதும் துடித்துக்கொண்டிருந்த நரம்பணுக்கள், பழகியபின் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வலுவாகத் துடித்தன. இடைப்பட்ட பகுதி ஒரே தொகுப்பாகிவிட்டது. ஒவ்வோர் அடியிலும் முடிவெடுக்கவேண்டிய தேவை மறைந்துவிட்டது.

இதற்கு எத்தனை நாளாகும்? 21 நாள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் நடத்திய ஆய்வில், பழக்கம் படிய ஆன நாள்களின் இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு, 66 நாளாக இருந்தது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை ஆனது. அதைவிட ஆறுதலான ஒரு முடிவும் அதில் உண்டு. இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஒருமுறை தவறியதும் அனைத்தும் போயிற்று என்று கைவிட்டுவிடுவதற்கு அறிவியலில் ஆதாரமில்லை.

பழக்கம் வேரூன்றும் முன்னரே கைகொடுப்பது, எப்போது, எங்கே, என்ன செய்வது என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்வதாகும். "இனி நிறையப் படிப்பேன்" என்பதைவிட, "இரவு உணவு முடிந்ததும் மேசையில் அமர்ந்து புத்தகத்தைத் திறப்பேன்" என்பது வலுவானது. பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இத்தகைய திட்டம் குறிக்கோளை எட்டுவதற்குக் குறிப்பிடத்தக்க அளவு உதவுவது தெரியவந்தது. உணவு முடிவது என்ற நிகழ்வே செயலைத் தூண்டிவிடுவதால், அந்த நேரத்தில் மனத்தோடு வாதாடவேண்டிய தேவை குறைகிறது.

தீய பழக்கமும் இதே வழியில்தான் உருவாகிறது என்பதால், அதை விடுவது கடினம். கிரேபியல் குழுவின் சோதனையில், பரிசு நிறுத்தப்பட்டதும் எலிகளின் மூளையில் அந்தப் பழக்கத்தின் துடிப்பு மங்கியது. பரிசு திரும்பியதும் அதே துடிப்பு விரைவில் மீண்டது. பழைய தடம் அழிவதில்லை. ஆகையால் விட்டுவிட நினைக்கும் பழக்கத்தைத் தூண்டும் இடம், நேரம், பொருள் ஆகியவற்றை விலக்கிவைப்பதும், விலக்க முடியாத தூண்டுதலோடு வேறொரு செயலை இணைத்துப் பழகுவதும், பழக்கம் விட்டுப்போனதாகத் தோன்றிய பிறகும் தொடரவேண்டியவை.