பெட்ரோல் முள் எந்தப் பக்கம் பொய் சொல்கிறது?

தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் கிடங்குகள், மணலியில் சுத்திகரிப்பு ஆலை. இவ்வளவு பெட்ரோல் புழங்கும் வட சென்னையிலும், பைக்கைக் குலுக்கிச் சத்தம் கேட்டுத்தான் டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மீட்டர் முள் பெட்ரோலை அளப்பதே இல்லை.

டேங்குக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்க ஒரு கம்பிக் கை. பெட்ரோல் குறையக் குறையக் கை தாழும். அதன் மறுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசி நகரும். தடை மாறினால் மின்னோட்டம் மாறும், முள்ளும் அசையும். ஆக, முள் அறிந்ததெல்லாம் ஒரு கையின் கோணம்தான். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் அளவு மாறித் தெரிவது இதனால்தான்.

அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் பல்லாயிரம் பேர். அவற்றில் பலவற்றின் இறக்கை டேங்கிலும் இதே மிதவைதான். இறக்கையோ நுனியை நோக்கி மேலேறும். மிதவை இருப்பது உடலை ஒட்டிய தாழ்ந்த பக்கத்தில். டேங்க் நிரம்பும் முன்பே அது கூரையில் முட்டி நின்றுவிடும். அதன்பின் எவ்வளவு ஊற்றினாலும் முள் அசையாது. பறக்கும்போதும் கணிசமாகச் செலவாகும் வரை 'ஃபுல்' என்றே சாதிக்கும். வால் சக்கரம் உள்ள விமானம் தரையில் மூக்கைத் தூக்கி நிற்பதால் அங்கே காட்டும் அளவு வேறு, மட்டமாகப் பறக்கும்போது வேறு. விவரமறிந்தவர்கள் விமானத்தைப் பறக்கும் நிலையில் மட்டமாக நிறுத்தி, அளந்தளந்து ஊற்றி, முள் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்கிறார்கள்.

இவையெல்லாம் பழுதே இல்லாதபோது. பழுது என்றால் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் சென்சார் (மிதவை, கை, மின்தடைப் பட்டை மூன்றும் சேர்ந்தது) எந்த வகை என்பதுதான். தடையை ஓம் என்ற அலகில் சொல்வார்கள். அமெரிக்க வகையில் காலி டேங்குக்கு 240 ஓம், நிறைந்த டேங்குக்கு 33 ஓம். ஐரோப்பிய வகையில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. கம்பி அறுந்தால் தடை எல்லையில்லாமல் ஏறும். அமெரிக்க முள் 'காலி' என்று பயமுறுத்தும், ஐரோப்பிய முள் 'ஃபுல்' என்று ஏமாற்றும். சாலையில் இது தலைவலி. வானத்தில் உயிர்ப் பிரச்சினை. என்னைக் கேட்டால், காலி என்று பொய் சொல்லும் கருவியே நல்ல கருவி.

பழைய முள் மீட்டர்களில் சோதனை எளிது. இக்னிஷனை அணைத்து, டேங்குக்கு வெளியே சென்சார் கம்பியைக் கழற்றுங்கள். இக்னிஷனைப் போட்டால் முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும். மறுபடி அணைத்து, அந்தக் கம்பியை பாடியில் எர்த் செய்து பாருங்கள். மறு கோடிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் கம்பியும் சரி, குற்றவாளி டேங்க் பக்கம். டிஜிட்டல் மீட்டரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

டேங்க் பக்கம் வந்ததும் பலர் சென்சாரை வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம், எர்த்தைப் பாருங்கள். காசிமேடு, எண்ணூர்ப் பக்கத்து உப்புக் காற்றில் இணைப்புகள் பச்சை பூத்துவிடும். அந்தப் பச்சை சில பத்து ஓம்களைக் கூடுதலாகச் சேர்த்தாலே கணக்கு தப்பும். ஃபைபர் டேங்கில் மின்சாரம் பாயாது என்பதால் தனி எர்த் கம்பியே இழுக்க வேண்டும்.

எர்த்தும் சரியென்றால் சென்சாரைக் கழற்றலாம். மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சளசளவென்றால் ஓட்டை. பித்தளை மிதவையைப் பற்றவைக்கிறேன் என்று உள்ளே பெட்ரோலோடு நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள். பிறகு தடையை அளக்கும் மல்டிமீட்டரை இணைத்துக் கையை மெல்ல உயர்த்துங்கள். எண் சீராக மாற வேண்டும். ஓரிடத்தில் துள்ளினால் பட்டை தேய்ந்திருக்கிறது. எப்போதும் நூறு ரூபாய்க்கே பெட்ரோல் போடுகிற வண்டியில் அந்தத் தேய்மானத்தைக் கால் டேங்குக்குக் கீழேதான் முதலில் தேடுவேன். தேய்ந்த பட்டைக்கு வைத்தியம் கிடையாது, புதிய சென்சார்தான்.