நாலே கால் நொடி ஓட்டத்தில் ஸ்கவுட் எதைத் தேடுகிறார்?

அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூட பேஸ்பால் ஆட்டம். ஒரு பையன் பந்தை அடிக்கிறான். அது தரையோடு உருண்டு, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப் கைக்கு நேராகப் போகிறது. பையனுக்கு முன்னால் பந்து முதல் பேஸுக்குப் போய்விடும். அவுட்தான், சந்தேகமே இல்லை. அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேர் மட்டும் பையன் முதல் பேஸை மிதிக்கும்வரை கண்ணை எடுப்பதில்லை. மிதித்ததும் ஸ்டாப்வாட்சை அழுத்துகிறார்கள். ஒருவர் வாட்சில் 4.28, பக்கத்தில் இருப்பவர் வாட்சில் 4.31. குறித்துக்கொண்டு அடுத்த பந்துக்குத் தயாராகிவிடுகிறார்கள்.

இவர்கள்தான் ஸ்கவுட்டுகள், அணிகளுக்காக ஆள் தேடுகிறவர்கள். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கின் 30 அணிகளும் ஆண்டுதோறும் ஜூலையில் டிராஃப்ட் நடத்திப் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கின்றன. இப்போது 20 சுற்றுகள். முதல் சில இடங்களில் எடுக்கப்படுகிறவனுக்குப் பல மில்லியன் டாலர் கையில் விழும். ஆனால் பள்ளியிலிருந்து வருகிற பையன் பெரிய மைதானத்தில் இறங்கப் பெரும்பாலும் மூன்று நான்கு வருஷமாவது ஆகும். இன்றைக்கு ஓடுகிற காலைப் பார்த்து, 23 வயதில் அந்தக் கால் எப்படி ஓடும் என்று சொல்வதற்குத்தான் ஸ்கவுட்டுக்குச் சம்பளம்.

அடிப்பது, அடியின் பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறிதல் என்று ஐந்து திறமைகளுக்கு மதிப்பெண் போடுவது வழக்கம். ஓட்டத்தைக் கடிகாரம் அளந்துவிடும், அதனால் அதுதான் இருப்பதிலேயே சுலபம் என்று தோன்றும். எனக்கென்னவோ ஐந்தில் மிக எளிதாக ஏமாற்றுவது இந்த எண்தான். அந்த 4.3 நொடி வேகத்தின் அளவே இல்லை. நாலைந்து வேறு விஷயங்களின் கூட்டுத்தொகை.

பிரித்துப் பார்ப்போம். ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் 90 அடி, அதாவது 27.43 மீட்டர். கிரிக்கெட் பிட்சைவிட ஏழு மீட்டர் அதிகம். பந்து மட்டையில் பட்டதிலிருந்து வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் இதை 4.3 நொடியில் கடந்தால் மேஜர் லீக் சராசரி. இடக்கை ஆட்டக்காரருக்கு 4.2. பத்தில் ஒரு நொடி ஏன் குறைகிறது? அவர் நிற்கும் பக்கமே முதல் பேஸுக்கு ஓர் அடி எடுத்துவைக்கும் தூரம் நெருக்கம். தவிர, மட்டையைச் சுழற்றி முடிக்கும்போது அவர் உடம்பு ஓடவேண்டிய பக்கமாகவே திரும்பியிருக்கும். வலக்கை ஆட்டக்காரர் எதிர்ப்பக்கம் சுழன்ற உடம்பைத் திருப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

27 மீட்டரை 4.3 நொடியில் கடப்பதென்றால் சராசரி வேகம் நொடிக்கு 6.4 மீட்டர்தான். அதே தரத்து ஆட்டக்காரர் இன்னொரு சோதனையில், 60 கெஜ ஓட்டத்தில், 6.9 நொடி எடுப்பார். 60 கெஜம் என்பது 180 அடி, சரியாக இரண்டு பேஸ் தூரம். இங்கே சராசரி நொடிக்கு எட்டு மீட்டர் வந்துவிடுகிறது. ஒரு சின்னக் கணக்கு. முழு வேகம் பிடித்த சராசரி மேஜர் லீக் ஆட்டக்காரர் நொடிக்கு 27 அடி ஓடுகிறார். ஆக, 60 கெஜ ஓட்டத்தின் பின்பாதி 90 அடிக்கு அவருக்குச் சுமார் 3.3 நொடி. 6.9இல் இதைக் கழித்தால் முன்பாதிக்கு 3.6. ஆனால் ஆட்டத்தில் அதே 90 அடிக்கு 4.3 ஆகிறது. மீதி முக்கால் நொடி எங்கே போனது? மட்டையை முழுதாகச் சுழற்றி முடிப்பது, அதைக் கீழே போடுவது, திரும்புவது, கால் பிடித்துக் கிளம்புவது, எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. இது தோராயக் கணக்குதான். ஆனால் ஆறில் ஒரு பங்கு நேரம் ஓட்டமே இல்லாமல் கழிகிறது என்பது தெரிகிறதல்லவா?

அந்த முக்கால் நொடியில்தான் ஏமாற்று வேலையும் நடக்கும். சிலர் மட்டையைச் சுழற்றும்போதே முதல் பேஸ் பக்கம் சாய்ந்து ஓடத் தொடங்கிவிடுவார்கள். அடியில் பலம் இருக்காது, நேரம் மட்டும் பிரமாதமாக வரும். பண்ட் என்று மட்டையை வைத்துத் தட்டிவிட்டு ஓடுகிறவர்களுக்கும் அப்படியே. எதிர்த்திசையில், நல்ல அடி அடித்தவன் இரண்டாம் பேஸை மனதில் வைத்து வளைந்து ஓடுவான். அவனுடைய நேரம் கூடிவிடும். அவுட் என்று தெரிந்ததும் பாதி வழியில் தளர்ந்துவிடுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் நேரத்தைக் குறிக்கும் ஸ்கவுட் பக்கத்திலேயே அது எப்படிப்பட்ட ஓட்டம் என்பதையும் எழுதிவைப்பார். ஒரே ஒரு நேரத்தை வைத்து முடிவுக்கு வருகிறவர் இந்தத் தொழிலில் நிலைக்க மாட்டார்.

அப்புறம் கை. தடகளப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு வாட்சை அழுத்துகிறவருக்குக் கை அசையச் சற்று நேரம் பிடிக்கிறது. ஓடுகிறவர் முடிவுக்கோட்டை நெருங்குவதையோ முன்கூட்டியே பார்த்துவிடலாம். தொடக்கத்தில் தாமதம், முடிவில் தாமதமில்லை. அதனால் கையால் எடுத்த நேரம் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாக வரும். தடகளத்தில் கைநேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டுவது இதனால்தான். பேஸ்பாலில் மட்டை வருவது கண்ணுக்குத் தெரியும் என்பதால் பிழை அந்த அளவுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் இங்கே பத்தில் ஒரு நொடியே பெரிய விஷயம். முழு வேகத்தில் இருப்பவருக்கு அது 80 சென்டிமீட்டர், முதல் பேஸில் அவுட்டுக்கும் நாட் அவுட்டுக்கும் உள்ள இடைவெளி அவ்வளவுதான்.

இந்த நேரங்கள் எல்லாம் கடைசியில் 20 முதல் 80 வரையிலான மதிப்பெண்ணாக மாறும். 50 என்றால் மேஜர் லீக் சராசரி, 80 என்றால் தலைமுறைக்குச் சிலர். வலக்கையில் 4.0, இடக்கையில் 3.9 ஓடினால் 80 போடலாம். கவனியுங்கள், சராசரிக்கும் உச்சத்துக்கும் நடுவே வெறும் 0.3 நொடி.

பெரிய மைதானங்களில் இப்போது இந்தத் தொல்லை இல்லை. 2015இல் ஸ்டாட்காஸ்ட் என்ற அமைப்பு எல்லா மேஜர் லீக் மைதானங்களுக்கும் வந்தது. 2020 முதல் அதில் ஓடுவது, நம் ஆட்கள் எல்பிடபிள்யூ சண்டை போடக் காரணமான அதே ஹாக்-ஐ கேமராக்கள்தான். ஓட்டத்தில் மிக வேகமாக இருந்த ஒரு நொடியைத் தனியே எடுத்து, அந்த நொடியில் எத்தனை அடி கடந்தார் என்று அது சொல்லிவிடும். சராசரி 27 அடி. 30ஐத் தொட்டால் உச்சம். மணிக்குக் கணக்கிட்டால் சுமார் 33 கிலோமீட்டர். 2009இல் பெர்லினில் உசேன் போல்ட் எட்டிய உச்சம் 44க்கு மேல் என்பதை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் சப்பென்று இருக்கும். ஆனால் போல்ட்டுக்கு அதை எட்ட 60 மீட்டருக்கு மேல் தேவைப்பட்டது. பேஸ்பாலில் ஒரு பேஸுக்கு 27 மீட்டர்தான். உச்ச வேகத்தைத் தொடுவதற்குள் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஆகவே, உச்ச வேகத்தைவிட முதல் சில அடிகள் பேஸ்பாலில் அதிகம் சம்பாதித்துத் தரும். ஓட்டத்தின் இயற்பியலும் இங்கே கொஞ்சம் உதவுகிறது. பீட்டர் வேயண்ட் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, வேகமாக ஓடுகிறவரும் மெதுவாக ஓடுகிறவரும் உச்ச வேகத்தில் காலை முன்னால் கொண்டுவர எடுக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று காட்டியது. வித்தியாசம் தரையை உதைக்கும் விசையில் இருந்தது. வேகமாக ஓடும்போது கால் தரையில் இருப்பது சுமார் பத்தில் ஒரு நொடி. அதற்குள் உடல் எடையைப்போல இருமடங்குக்கு மேல் விசையைத் தரைக்குள் இறக்க வேண்டும். கிளம்பும்போது உடம்பை முன்னால் சாய்த்து அந்த விசையைப் பின்னோக்கித் தள்ளத் தெரிய வேண்டும். பழைய ஸ்கவுட்டுகள் இதைக் கணக்காக அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் பாதம் தரையில் சத்தமில்லாமல் பட்டு உடனே எழும்புகிறதா, தொப்பென்று விழுந்து தங்குகிறதா என்று பார்ப்பதில் இதே விஷயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று டிராஃப்டுக்கு முந்தைய சோதனைகளில் விசையை அளக்கும் பலகைமேல் நின்று குதிக்கச் சொல்வதும் இதற்காகவே. எவ்வளவு உயரம் குதித்தான் என்பதோடு எவ்வளவு சீக்கிரம் விசை திரண்டது என்பதும் அதில் பதிவாகும்.

இனி வயது. மேஜர் லீக்கில் ஓட்ட வேகம் இருபதுகளின் தொடக்கத்திலேயே உச்சத்தைத் தொட்டு அப்புறம் மெதுவாக இறங்குகிறது. அடிக்கும் திறமை மெல்ல வளரும், ஓட்டம் அப்படி இல்லை. 18 வயதில் ஒல்லியாக ஓடும் பையன் 23இல் பதினைந்து கிலோ கூடியிருப்பான். இடுப்பு அகலம், தோள், கணுக்கால், முடிந்தால் அப்பாவின் உடல்வாகு வரை ஸ்கவுட் பார்ப்பது இதனால்தான். இன்று ஷார்ட்ஸ்டாப்பில் துள்ளுகிற பையன் நாளைக்கு, ஓட்டம் அவ்வளவு தேவைப்படாத மூன்றாம் பேஸுக்கு நகர்த்தப்படுவானா என்பது பல லட்சம் டாலர் கேள்வி.

2009 டிராஃப்டில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். மிசிசிப்பியின் டெய்லர்ஸ்வில்லைச் சேர்ந்த பில்லி ஹாமில்டனை சின்சினாட்டி ரெட்ஸ் இரண்டாம் சுற்றில் எடுத்தது. ஓட்டத்துக்கு 80 வாங்கிய ஆள். பிட்சர் (பந்தெறிபவர்) எறியும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதைத் திருட்டு என்பார்கள். 2012இல் மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கில் 155 பேஸ்களைத் திருடி, 1983இலிருந்து நின்றிருந்த வின்ஸ் கோல்மனின் 145ஐ உடைத்தார். நியூ ஜெர்சியின் மில்வில்லைச் சேர்ந்த மைக் டிரவுட்டை ஏஞ்சல்ஸ் 25ஆவது ஆளாக எடுத்தது. அவருக்கும் கால் அபாரம். ஆனால் உடம்பு கனமானது, போகப்போக 100 கிலோவையும் தாண்டியது. அந்த உடம்போடு 2012இல் மேஜர் லீக்கிலேயே 49 திருடினார், அடியிலும் உச்சத்துக்குப் போனார். ஹாமில்டன் மேஜர் லீக்கில் ஆண்டுக்கு ஐம்பதுக்கு மேல் திருடிய காலம் உண்டு, ஆனால் மட்டை கடைசிவரை கைகொடுக்கவில்லை. முதல் பேஸைத் திருட முடியாது என்பது அங்கே பழைய பேச்சு. பந்தை அடித்தோ, மோசமான பந்துகளை அடிக்காமல் பொறுத்தோ முதலில் அங்கே போய்ச் சேர வேண்டும்.

கனத்த உடம்பை அப்படி வைத்து ஆள்வதைத்தான் ஸ்கவுட்டுகள் அத்லெட்டிக் என்ற சொல்லில் அடக்கப் பார்க்கிறார்கள். அதற்கு ஸ்டாப்வாட்ச் கிடையாது. வளைந்து வரும் பந்தில் ஏமாந்த பேட்டர் கால் முன்னால் போய்விட்ட பிறகும் கையைப் பின்னால் நிறுத்திவைத்து அடிக்கிறாரா? தவறான காலில் நிற்கும் ஃபீல்டர் அப்படியே எறிந்து ஆளை அவுட் ஆக்குகிறாரா? சிலர் பனிக்காலத்தில் அதே பையனின் கூடைப்பந்து ஆட்டத்துக்குப் போய் உட்காருவார்கள். பழக்கப்படாத சூழ்நிலையில் உடம்பு என்ன செய்கிறது என்பது அங்கே பச்சையாகத் தெரியும்.

முதலில் அத்லெட்டைப் பிடிப்போம், பேஸ்பாலை அப்புறம் கற்றுக்கொடுக்கலாம் என்று ஒருவர் நிஜமாகவே செய்து பார்த்தார். கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் உரிமையாளர் யூயிங் காஃப்மன் 1970வாக்கில் ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் ஓர் அகாடமி தொடங்கினார். 60 கெஜத்தை 6.9 நொடிக்குள் ஓட வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. பார்வைக்கும் அனிச்சை வேகத்துக்கும் சோதனைகள் இருந்தன. 1974இல் மூடிவிட்டார்கள். ஆனால் அங்கிருந்து வந்த ஃபிராங்க் வைட் இரண்டாம் பேஸில் சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் குளோவ் விருதை எட்டு முறை வாங்கினார். நான்கே வருஷத்தில் இழுத்து மூடியது அவசரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே 1974இல் ஓக்லண்ட் ஏ'ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. ஹெர்ப் வாஷிங்டன் என்ற குறுந்தூர ஓட்ட வீரரை, ஓடுவதற்கென்றே அணியில் சேர்த்தார் உரிமையாளர் சார்லி ஃபின்லி. வாஷிங்டன் இரண்டு சீசன்களில் மொத்தம் 105 ஆட்டங்களில் இறங்கினார். ஒரு பந்தைக்கூட அடிக்க நிற்கவில்லை. பிறருக்குப் பதிலாக ஓடியதோடு சரி. 48 முறை திருட முயன்று 31 முறை வென்றார். பத்துக்கு ஏழு முறையாவது வெல்லாவிட்டால் திருட்டு அணிக்கு நஷ்டம் என்பது பொதுக் கணக்கு. இவர் அதைத் தொடவில்லை. 1974இல் மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸில், டாட்ஜர்ஸ் பிட்சர் மைக் மார்ஷல் இவரை முதல் பேஸிலேயே பிடித்து அவுட் ஆக்கினார்.

காரணம் எளிது. பிட்சர் எறிய அசையத் தொடங்கியதிலிருந்து பந்து பிளேட்டுக்குப் போக சுமார் 1.3 நொடி, பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் அதை இரண்டாம் பேஸுக்கு எறிய சுமார் 2 நொடி. மொத்தம் 3.3. ஓடுகிறவர் நாலு மீட்டர்வரை முன்னதாகவே நகர்ந்து நிற்பார். அங்கிருந்து எந்தக் கணத்தில் கிளம்புகிறார் என்பதில் கால் நொடி லாபமும் வரலாம், நஷ்டமும் வரலாம். தடகள வீரனுக்குத் துப்பாக்கி சொல்லும். இங்கே பிட்சரின் குதிகாலையும் தோளையும் பார்த்துத் தானே முடிவு செய்ய வேண்டும்.

2025இல் ஜாஷ் நேய்லர் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து செய்து காட்டினார். கனடாக்காரர், நல்ல பருமன், 2015 டிராஃப்டில் 12ஆவதாக மார்லின்ஸ் எடுத்தது அவருடைய மட்டைக்காக. ஸ்டாட்காஸ்ட் கணக்கில் நொடிக்கு 24 அடிதான் சொச்சம், லீக்கிலேயே மிக மெதுவாக ஓடுகிறவர்களில் ஒருவர். அந்த சீசனில் அரிசோனாவுக்கும் சியாட்டிலுக்கும் ஆடி, 32 முறை கிளம்பி 30 பேஸ்களைத் திருடினார்.